நடவுக்குப் போகிறவர்களின் ஆயுள்

அன்புள்ள ஐயா,

பணக்காரர்கள் ஏழைகளைவிட அதிக நாள் வாழ்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் ஊரில் நடவுக்குப் போன ஒரு பாட்டி தொண்ணூறு தாண்டியும் கோல் ஊன்றாமல் நடந்தார். மிராசு வீட்டுப் பெரியவரோ சர்க்கரை, பிரஷர் என்று அறுபதிலேயே போய்விட்டார். உழைக்கிற உடம்புக்குத்தானே ஆயுள் கெட்டி?

எஸ்., நீடாமங்கலம்

அன்புள்ள எஸ்,

அப்படி ஒரு பாட்டி டெல்டாவில் ஊருக்கு ஊர் இருப்பார். அவரோடு ஒரே வரிசையில் நாற்று நட்ட மற்ற பெண்கள் எந்த வயதில் போனார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். பிரசவத்தில் போனவர், காமாலையில் போனவர், கருக்கலில் வரப்பில் விரியன் கடித்துப் போனவர் என்று ஒவ்வொன்றாக வரும். இருந்தவர் கண்ணில் படுகிறார். போனவர்களை யாரும் எண்ணுவதில்லை.

எண்ணிப் பார்த்த இடங்களில் கதை வேறு. அமெரிக்காவில் 1999 முதல் 2014 வரையிலான வரிக் கணக்குகளை இறப்புப் பதிவுகளோடு பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி குழுவினர் சேர்த்துப் பார்த்தார்கள். வருமானத்தில் உச்சியிலுள்ள 1 சதவீத ஆண்களுக்கும் அடியிலுள்ள 1 சதவீத ஆண்களுக்கும் ஆயுளில் 14.6 ஆண்டு வித்தியாசம். நம் நாட்டில் 9 மாநிலங்களில் பார்த்தபோது (தமிழ்நாடு அதில் இல்லை) உயர்சாதி இந்துக்களைவிட தலித்துகளுக்கு 3 ஆண்டுக்கு மேல், பழங்குடியினருக்கு 4 ஆண்டுக்கு மேல் ஆயுள் குறைவு. குடும்பத்தின் பொருளாதார வசதியைக் கழித்துப் பார்த்தும் அந்த இடைவெளியில் பாதிக்கு மேல் அப்படியே நின்றது. சாதியும் தனியாக ஆளைக் கொல்கிறது.

என்னை அதிகம் யோசிக்கவைப்பது 1967-இல் லண்டன் அரசு ஊழியர்களிடம் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு. யாரும் பட்டினி இல்லை, எல்லோருக்கும் இலவச வைத்தியம். ஆனாலும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயர் அதிகாரிகளைப்போல ஏறக்குறைய 3 மடங்கு. புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் கழித்தும் பெரும்பங்கு மிச்சமிருந்தது. தன் வேலைமேல், தன் நாளின்மேல் எவ்வளவு பிடி இருக்கிறது என்பதும் இதில் ஒரு காரணம் என்கிறார் அந்த ஆய்வுக் கணக்குகளை அலசிய மருத்துவர் மைக்கேல் மார்மட்.

இதை நான் நம்புகிறேன். நடவுக்குப் போகும் பெண்ணுக்கு நாளைக்கு எந்த வயல் என்பது முந்தின ராத்திரிதான் தெரியும். வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் அதுவும் இல்லை. சேற்றுப்புண்ணுக்கு மருதாணி அரைத்து விரலிடுக்கில் அப்பிக்கொண்டு மறுநாளும் சேற்றில் இறங்குகிறார். பிரஷர் மாத்திரைக்காக அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. அதனால் இருக்கிற மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு இழுக்கிறார். உங்கள் மிராசு வீட்டுப் பெரியவர் அறுபது வரை இருந்ததற்கே தஞ்சாவூர் டாக்டரும் வாசலில் நின்ற காரும் காரணமாக இருக்கலாம். அதே சர்க்கரை இப்போது காலனித் தெருவிலும் வந்துவிட்டது. அங்கே கார் இல்லை.

2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது. நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால், அரசு ஆஸ்பத்திரிகளில் புறநோயாளிப் பிரிவு பெரும்பாலும் காலையில்தான் நடக்கிறது, ஆள் வயலில் நிற்கிற அதே நேரத்தில். நடவு, அறுவடை மாதங்களிலாவது அதைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் திறந்துவைக்க வேண்டும். உங்கள் ஊர் கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர முடியுமா?