மறுமொழி: டைனமோ மின்சாரத்தில் அதே மோட்டாரை ஓட்டுவது பற்றி

மோட்டாரையும் டைனமோவையும் பெல்ட்டால் இணைத்து, டைனமோவின் மின்சாரத்தையே மோட்டாருக்குத் திருப்பிக் கொடுத்தால், பேட்டரியைக் கழற்றிய சில நொடிகளில் நின்றுவிடுகிறது, கனமான சக்கரமோ டிரான்ஸ்ஃபார்மரோ சேர்த்தால் ஓடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடாது, இதில் உங்கள் வேலைப்பாட்டின் மீது குறையில்லை.

இரண்டும் தலா 80 விழுக்காடு திறனுடையவை என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். உள்ளே செலுத்திய 100 ஜூல் ஆற்றலில் ஒரு சுற்று முடிந்து திரும்புவது 64 ஜூல்தான். அடுத்த சுற்றில் ஏறத்தாழ 41, பிறகு 26. மீதி, கம்பிச் சுருளிலும் பேரிங்கிலும் பெல்ட்டிலும் வெப்பமாகப் போய்விடுகிறது.

இழப்பே இல்லாத பாகங்கள் கிடைத்தாலும், 100 ஜூலுக்கு 100 ஜூல்தான் திரும்புமே தவிர, ஒரு விளக்கை எரிக்கக்கூட உபரி இருக்காது. டைனமோவைக் கையால் சுற்றிக்கொண்டே அதில் விளக்கை இணைத்துப் பாருங்கள்: அந்தக் கணமே தண்டு கனத்துவிடும். தூண்டப்படும் மின்னோட்டம் தன்னைத் தூண்டிய இயக்கத்தையே எதிர்க்கும் என்னும் லென்ஸ் விதியைக் கை உணரும் இடம் அது.

கனமான சக்கரம், பேட்டரி முன்பே கொடுத்த ஆற்றலைச் சேமித்து, நிற்பதைத் தாமதப்படுத்தும்; அவ்வளவுதான். டிரான்ஸ்ஃபார்மர் மின்னழுத்தத்தை உயர்த்தினால் மின்னோட்டம் அதே விகிதத்தில் குறையும்; ஆற்றல் அதிகரிக்காது. நேர்மின்னோட்டத்தில் (DC) அது வேலையே செய்யாது.

பாரிஸ் அறிவியல் கழகம் 1775-லேயே, வெளியிலிருந்து ஆற்றல் பெறாமல் தானே ஓடிக்கொண்டேயிருக்கும் இயந்திரங்களைப் பரிசீலிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டது. ஆகவே, ஓடுவதாகக் காட்டும் காணொளிகளை நம்பி மேலும் பாகங்கள் வாங்க வேண்டாம்; அவற்றில் மேசைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் காட்டுவதில்லை.