பழைய பதிப்புக்குத் திரும்பலாமா?

கேள்வி: தேக்காவில் எங்கள் துணிக்கடைக் கணக்கெல்லாம் ட்ரூநாஸ் பெட்டியில் (கோப்புகளைச் சேமித்து மற்றக் கணினிகளுக்குத் தரும் கணினி) இருக்கிறது. அதன் மென்பொருளின் புதுப் பதிப்பு போட்டதிலிருந்து கல்லாக் கணினிக்கு இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது. பழைய பதிப்புக்குத் திரும்பினால் கோப்புகள் போய்விடுமா?
- வாசகி, ஈசூன்

பதில்: போகாது அம்மா. கோப்புகள் தனி வட்டுகளில் இருக்கின்றன. பூட் என்விரான்மென்ட் பட்டியலில் (பெட்டியில் பதிந்திருக்கும் பதிப்புகளின் பட்டியல்) பழைய பதிப்பை ஆக்டிவேட் செய்து, பெட்டியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஆனால், பூலை, அதாவது கோப்புகள் இருக்கும் வட்டுகளின் தொகுப்பை, அப்கிரேட் செய்யச் சொல்லி ஓர் அறிவிப்பு வந்திருக்குமே, அதை அழுத்தினீர்களா? அழுத்தியிருந்தால் நிறுத்துங்கள். பழைய பதிப்பால் அந்தப் பூலைத் திறக்க முடியாமல் போகலாம்; அந்த அப்கிரேடை அப்படியே திரும்பப் பெறவும் முடியாது. அழுத்தவில்லையா, சரி, தைரியமாகத் திரும்பலாம். புதுப் பதிப்பில் சேர்த்த பயனர்கள், மாற்றிய அமைப்புகள் போன்றவற்றை மட்டும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

எதற்கும் முதலில் வெளி வட்டில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கை வைக்க வேண்டாம். திங்கள் காலை கடை திறக்கும் முன் செய்யுங்கள்.