லண்டனிலிருந்து வந்த நத்தார் ஸ்வெட்டர் மட்டக்களப்பில் ஏன் புழுங்குகிறது?

நத்தார் ஸ்வெட்டர் என்பது கலைமான், பனிமனிதன் போன்ற உருவங்கள் பின்னிய தடித்த மேலாடை. பிரிட்டனில் 2012 முதல் இதை அணிந்துகொண்டு சிறுவர்களுக்கு நன்கொடை திரட்டும் நாளே உண்டு. அதே பார்சலில் வரும் மெத்தென்ற இரவு உடை தொட்டால் கம்பளி போலிருக்கும். கழுத்தில் தைத்த சீட்டைப் புரட்டினால் பெரும்பாலும் பொலியஸ்டர்.

இரண்டுமே சூட்டை உண்டாக்குவதில்லை. இழைகளுக்கு நடுவே காற்றைப் பிடித்துவைத்து, உடம்புச் சூடு வெளியேறாமல் மறிக்கின்றன. மீன் வியாபாரி ஐஸ் கட்டியைச் சாக்கால் சுற்றுவதும் இதே வேலைதான். சாக்கு வெளிச்சூட்டை உள்ளே விடாது. ஸ்வெட்டர் உட்சூட்டை வெளியே விடாது.

லண்டனின் டிசம்பர் இரவு 5 பாகைக்கும் கீழே இறங்கும். அங்கே அது தேவை. நமக்கோ வடகீழ்ப் பருவமழைக் காலம். வாவிக்காற்று சில்லென்று அடித்தாலும் இரவில் 23, 24 பாகை இருக்கும். காற்றில் ஈரம் கூடியிருப்பதால் வியர்வை எளிதில் காயாது. பொலியஸ்டர் அதை உறிஞ்சவும் செய்யாது. பிறகென்ன, முதுகோடு ஒட்டிக்கொண்டு அரிக்கும்.

மழைக்காற்றில் நள்ளிரவுத் திருப்பலிக்குப் போட்டுப் போகலாம், படமும் நன்றாக வரும். படுக்கைக்கு நைந்த பருத்திச் சாரத்தை வெல்ல எதுவுமில்லை.

குழந்தைக்குச் சளி பிடிக்காதென்று இந்த மெத்தென்ற உடையைப் போர்த்தித் தூங்கவைப்பவர்கள் பலர். சளியைக் கொண்டுவருவது வைரஸ், அதைத் தடித்த உடை தடுக்காது.