பாகம் பார்க்கும் கண்ணுக்கு ஏற்ற படிப்பு எது?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் ஒன் உயிரியல்-கணிதப் பிரிவில் படிக்கும் மகன். சிறு வயதிலேயே ஆட்டிசம் என்று கண்டறியப்பட்டவன். நன்றாகப் பேசுகிறான், தனியாக பஸ் ஏறிப் பள்ளிக்குப் போய்வருகிறான். ஆனால் எதையும் முழுதாகப் பிடிக்க மாட்டேன் என்கிறான், ஏதோ ஒரு துண்டில் போய் ஒட்டிக்கொள்கிறான் என்று வருந்தியிருக்கிறீர்கள். தாவரவியல் தேர்வில் இருவித்திலை இலையின் குறுக்குவெட்டுப் படத்தைச் செல் செல்லாக வரைந்து முடித்துவிட்டு, நெடுவினாக்களைத் தொடாமலே வந்துவிட்டான் என்பதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். உறவினர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் ஆவணித் தேதியும் ஆங்கிலத் தேதியும் ஒத்துப்போகவில்லை என்று அச்சுக்குப் போகும் முன் அவன் கண்டுபிடித்ததை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பெரியவர்கள் அத்தனை பேரும் பார்த்துச் சரி சொன்ன பத்திரிகை அது. அவனுடைய படிப்பைப் பற்றி முடிவெடுக்க அந்த ஒரு வரி எனக்கு நிறைய உதவுகிறது.

இலைப் படமும் பத்திரிகையும் ஒரே கண்ணின் வேலை. இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதும் அல்ல. 1943-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கன்னர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் தனி நிலையாக அறியப்பட்டது. பாகங்களில் முழுக் கவனம் வைக்காமல் ஒரு முழுமையை இந்தக் குழந்தைகளால் உணர முடிவதில்லை என்று அப்போதே அவர் குறித்துவிட்டார். பொம்மைக் காரை ஓட்டாமல் அதன் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும் குழந்தையை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பிறகு லண்டனில் உளவியலாளர்கள் ஊட்டா ஃப்ரித்தும் அமிதா ஷாவும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பெரிய படத்துக்குள் ஒளிந்திருக்கும் சிறு முக்கோணத்தைக் கண்டுபிடிக்கச் சொன்ன 1983 சோதனையில் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். 1993-இல் வெளிவந்த சோதனை இன்னும் தெளிவானது. சிவப்பு, வெள்ளைக் கட்டைகளை அடுக்கி, காட்டிய படத்தைப் போலவே அமைக்க வேண்டும். அந்தப் படத்தையே முன்கூட்டித் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டினால் மற்றவர்களின் வேகம் நன்றாகக் கூடியது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. படத்தைத் துண்டுகளாகப் பிரிக்கும் வேலையை அவர்களுடைய கண் ஏற்கெனவே முடித்திருந்தது.

பெற்றோருக்கு இதைவிட முக்கியமான செய்தி அடுத்து வந்த ஆய்வுகளில் இருக்கிறது. ‘இப்போது முழு வடிவத்தைப் பார்’ என்று தெளிவாகச் சொன்னபோது ஆட்டிசம் உள்ளவர்கள் பலர் பார்த்தார்கள். ஊட்டா ஃப்ரித்தும் ஃபிரான்செஸ்கா ஹாப்பேயும் 2006-இல் இந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து, இதைக் குறை என்பதைவிட ஒரு சிந்தனைப் பாணி என்று கொள்வதே சரி என்று எழுதினார்கள். முழுமை இவர்களுக்குத் தானாக வந்து நிற்பதில்லை, கேட்டால் வருகிறது. நான் உங்களுக்குச் சொல்லப்போவது அனைத்தும் இதிலிருந்துதான் வருகிறது: பாகம் பார்ப்பதே தொழிலாக இருக்கும் வேலையை அவனுக்குத் தேடுவோம். முழுமையை அவனுக்கு நாம் வெளியிலிருந்து, எழுத்தில் கொடுப்போம். அது தானாக முளைக்கட்டும் என்று காத்திருந்து வருடங்களை இழக்க வேண்டாம்.

ஆய்வுகள் சொல்வது சராசரியைத்தான் என்பதையும் மனதில் வையுங்கள். ஆட்டிசம் உள்ள எல்லோருக்கும் நுணுக்கமான கண் இருக்கும் என்பது உண்மையல்ல. ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு மேதை ஒளிந்திருக்கிறான் என்ற பேச்சு எத்தனையோ பெற்றோரை வீணாக அலைக்கழித்திருக்கிறது. உங்கள் மகனிடம் அந்தக் கண் இருக்கிறது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே சான்று இருப்பதால்தான் இவ்வளவு உறுதியாகப் பேசுகிறேன்.

முதலில் தேர்வு. அடுத்த வருடம் பிளஸ் டூ, அவசரமானது அதுதான். ‘முழுசாகப் பார்த்து எழுது’ என்று அவனிடம் சொல்வதில் பயனில்லை, அந்த வாக்கியத்தில் அவன் செய்வதற்கு எதுவும் இல்லை. வினாத்தாள் கையில் வந்ததும் ஒவ்வொரு வினாவின் ஓரத்திலும் அதற்கான நிமிடங்களைப் பென்சிலால் எழுதப் பழக்குங்கள். ஐந்து மதிப்பெண் வினா என்றால் இத்தனை நிமிடம், அதில் படத்துக்கு இத்தனை. நிமிடம் முடிந்தால் படம் பாதியில் நின்றாலும் அடுத்த வினாவுக்குப் போக வேண்டும். பாதியில் நிறுத்துவது அவனுக்கு உடம்பே கூசும் வேலையாக இருக்கும். அதனால் கீழே இரண்டு வரி இடம் விட்டு, ‘மீதி பிறகு’ என்று ஒரு குறி போட்டுவிட்டு நகரச் சொல்லுங்கள். திரும்பி வரலாம் என்று தெரிந்தால் கை விடும். வீட்டில் ஒரு பாடத்தைப் படித்து முடித்ததும், ‘இந்தப் பாடத்துக்கு நீ வைக்கும் தலைப்பு என்ன?’ என்று மட்டும் கேளுங்கள். பதில் நீளமாக வரும், ஏதோ ஒரு மூலையைப் பற்றியும் வரும். ஒரே வரியாகும் வரை பொறுமையாகச் சுருக்க வையுங்கள். கூடுதல் நேரம் போன்ற தேர்வுச் சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அரையாண்டுத் தேர்வு வரை தள்ளிப்போட வேண்டாம்.

இனி மேற்படிப்பு. அவனுடைய அப்பா கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் சேர்க்க விரும்புகிறார் என்றும், ‘ஆட்டிசம் பிள்ளைகளுக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங்தான்’ என்று யாரோ சொன்னார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஒரு பின்னணி உண்டு. டென்மார்க்கில் தோர்கில் சோனே என்பவர், தன் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு, 2004-இல் ஸ்பெஷலிஸ்டர்னே என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஆட்டிசம் உள்ளவர்களை மென்பொருள் சோதனை வேலைக்கு அமர்த்தினார். எஸ்ஏபி என்ற ஜெர்மன் மென்பொருள் நிறுவனம் 2013-இல் அதே வழியில் ஆள் எடுப்பதாக அறிவித்தது, பெங்களூரிலும் எடுத்தது. நல்ல முயற்சிகள்தான். ஆனால் அவை நிரூபித்தது வேலைக்கும் ஆளுக்கும் உள்ள பொருத்தத்தை. உங்கள் மகனுக்குக் கணினியில் ஆர்வம் இருப்பதாகக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. அவன் கண் தங்கியது இலையில்.

படிப்பின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த வேலையில் இருப்பவர் காலை பதினொரு மணிக்குக் கையால் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பாருங்கள். மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்பை எடுத்துக்கொள்வோம். அந்த ஒரு படிப்பில் இரண்டு வேலை இருக்கிறது. காலையில் ரத்தம் எடுக்கும் இடம்: வரிசை, அழும் குழந்தை, அவசரப்படும் ஆள், ஒரே நேரத்தில் நான்கு பேருக்குப் பதில். உள்ளே நுண்ணோக்கி மேசை: கண்ணாடித் தகட்டில் பரப்பிய ரத்தத்தில் வெள்ளையணுக்களை நூறு வரை எண்ணி வகை பிரிப்பது, வடிவம் மாறிய அணுவைத் தனியே குறிப்பது. எண்ணும் வேலையை இன்று பெரும்பாலும் இயந்திரம் செய்கிறது. இயந்திரம் சந்தேகப்படும் தகடு மனிதக் கண்ணுக்கு வருகிறது. அந்த மேசைக்கு உங்கள் மகன் பொருந்துவான் என்று நினைக்கிறேன். வரவேற்பு வரிசையில் ஆறு மாதம் நிறுத்தினால் வேலையையே வெறுத்துவிடுவான்.

தாவரவியல் பட்டப்படிப்பையும் தயங்காமல் யோசியுங்கள். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு மையத்தின் தென்மண்டல அலுவலகம் இருக்கிறது. மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற புகழ்பெற்ற உலர்தாவரச் சேகரிப்பு அங்கேதான், லட்சக்கணக்கான தாவர மாதிரிகளோடு இருக்கிறது. அங்கே ஒரு செடியை இன்னதென்று தீர்மானிப்பது பாகங்களை வைத்துத்தான். எதிரெதிராக நிற்கும் இரண்டு இலைக்காம்புகளுக்கு நடுவே ஒரு சின்ன இலையடிச் செதில் தெரிந்தால், காபி சேர்ந்த ரூபியேசி குடும்பமாக இருக்கலாம் என்று பார்ப்பவர் மனம் உடனே போகும். நம்மில் பெரும்பாலோருக்கு அங்கே ஒரு செதில் இருப்பதே தெரியாது. இதில் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மாதிரிகளைப் படியெடுத்து, பெயர்ச்சீட்டைப் படித்துப் பதிவேற்றும் வேலைகள், தாவர ஓவியம், விதைப் பரிசோதனைக் கூடங்கள், மருந்து நிறுவனங்களின் மூலிகைத் தரச்சோதனை என்று பக்கவாட்டு வழிகள் இருக்கின்றன. பதிப்பகங்களில் மெய்ப்புப் பார்ப்பது, செயற்கைக்கோள் படத்தில் நில எல்லை வரைவது ஆகியவற்றையும் மனதில் வைக்கலாம். திருப்பூர் பின்னலாடை ஆலைகளில் துணியில் பிழை பார்க்கும் செக்கிங் வேலை கண்ணுக்குப் பொருந்தும், ஆனால் அங்குள்ள இரைச்சலை அவன் தாங்க மாட்டான். காதைப் பொத்திக்கொள்வான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எந்த வேலைக்குப் போனாலும் அவனைத் தடுக்கப்போவது ஒன்றுதான்: எங்கே நிறுத்துவது, எது பெரிய பிழை, எது சிறியது என்ற கணக்கு. இதை இப்போதே வீட்டில் பழக்கலாம். பள்ளி ஆண்டு மலரின் மெய்ப்புப் படி கிடைத்தால் வாங்கிக் கொடுங்கள். முதல் சுற்றில் பெயர், எண், தேதி மட்டும், சிவப்பு மையில், கடைசிப் பக்கம் வரை. வேறு எந்தப் பிழை கண்ணில் பட்டாலும் தொடக் கூடாது. இரண்டாம் சுற்றில் எழுத்துப் பிழை, நீல மையில். மூன்றாவதில்தான் இடைவெளியும் புள்ளியும். இப்படிச் செய்தால் மலரை அவன் மூன்று முறை முழுதாகக் கடந்திருப்பான். முதல் பக்கத்துப் புள்ளியில் மாலை முழுதும் நிற்க மாட்டான். நாளை அவனுக்கு மேலதிகாரியாக வருபவரிடமும் இதைத்தான் கேட்க வேண்டும்: முடிந்த வேலையின் மாதிரி ஒன்றைக் காட்டுங்கள், இவனுடைய பகுதி அதில் எங்கே போய்ச் சேருகிறது என்று சொல்லுங்கள், எவ்வளவு செய்தால் போதும் என்று எழுதிக் கொடுங்கள்.

நேர்காணல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற கேள்வி முழுமையைச் சுருக்கித் தரச் சொல்கிறது. அவனுக்கு மிகக் கடினமான கேள்வி அதுதான். அதற்கு மட்டும் ஐந்து வாக்கியம் எழுதி மனப்பாடம் செய்துகொள்ளட்டும், அதில் ஒரு தவறும் இல்லை. முடிந்த இடங்களில், பேச்சுக்குப் பதிலாக ஒரு மணி நேர வேலை கொடுத்துப் பார்க்கும்படி கேளுங்கள். டென்மார்க் நிறுவனமும் ஆட்களைக் கேள்வி கேட்டு எடுக்கவில்லை, லெகோ ரோபோக்களைக் கட்ட விட்டுப் பக்கத்திலிருந்து கவனித்தது.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் விஷயத்தில் தயக்கம் வேண்டாம். ‘அந்த அட்டை வாங்கினால் முத்திரை விழுந்துவிடும்’ என்று மாமியார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவருடைய அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவே இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் 21 வகைகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு என்று சான்று இருந்தால் அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடமும் ஐந்தாண்டு வயது வரம்புத் தளர்வும் உண்டு. அரசு வேலையில் உள்ள 4 சதவீத ஒதுக்கீட்டில் ஒரு சதவீதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் உள்ளிட்ட பிரிவினருக்குச் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. எந்தப் பணிக்கு யார் தகுதி என்று பட்டியல் இருக்கும். விண்ணப்பிக்கும் முன் அதைப் பாருங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் மருத்துவக் குழு கூடும் நாளைச் சொல்வார்கள். யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை எங்கே காட்டுவது, எங்கே காட்டாமலிருப்பது என்பது பிறகு அவனே எடுக்க வேண்டிய முடிவு. கையில் இருந்தால்தான் அந்த முடிவுக்கே இடம் உண்டு.

இந்தக் கோடை விடுமுறையில் மூன்று இடத்துக்கு அவனை அழைத்துப் போங்கள்: தெரிந்த ஆய்வகத்தின் நுண்ணோக்கி மேசை, ஒரு பதிப்பகம், அனுமதி கிடைத்தால் கோவை ஹெர்பேரியம். அப்பாவும் உடன் வரட்டும். ஒவ்வோர் இடத்திலும் அரை நாள் சும்மா உட்கார விடுங்கள், கேள்வி கேட்டுத் துளைக்க வேண்டாம். எந்த இடத்தில் எழுந்திருக்க மனமில்லாமல் இருந்தான், எங்கே காதைப் பொத்தினான், எங்கே யாரும் கேட்காமலே ஒரு பிழையைச் சொன்னான் என்று குறித்து எனக்கு எழுதுங்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்பதை அந்தக் குறிப்பு கையில் வந்த பிறகு சேர்ந்து முடிவு செய்வோம்.