வயிற்றுப்போக்கோடு திருவனந்தபுரம் சுற்றலாமா?

மார்த்தாண்டத்திலிருந்து சனிக்கிழமை குடும்பத்தோடு திருவனந்தபுரம், இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு, காய்ச்சல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போகலாம் அண்ணே. ஆனால் கோயில், மிருகக்காட்சிசாலை, கோவளம் மூன்றும் ஒரே நாளில் வேண்டாம்.

பஸ் வேண்டாம், குழித்துறையில் ரயில் ஏறுங்கள்; பெட்டியிலேயே கழிப்பறை இருக்கும். ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி) பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரையுங்கள். அரை லிட்டர் பாட்டிலில் அப்படியே கொட்டினால் உப்பும் சர்க்கரையும் கூடி, போக்கு இன்னும் அதிகமாகும். ஒவ்வொரு முறை போய்வந்த பிறகும் ஒரு டம்ளர், மடக்கு மடக்காக. 24 மணி நேரம் தாண்டினால் மீதியைக் கொட்டிவிடுங்கள்.

பத்மநாபசுவாமி கோயில் வரிசையில் நடுவில் வெளியே வருவது சிரமம், அதை வீட்டாருக்கு விடுங்கள். நீங்கள் நேப்பியர் மியூசியம் பாருங்கள். 1880-இல் கட்டியது, காற்றோட்டமான கட்டடம், வெளியே தோட்டத்தில் உட்காரலாம். பக்கத்திலேயே மிருகக்காட்சிசாலை, ஆனால் அது மேடும் பள்ளமுமாக நீண்ட நடை. பயணத்தைத் திங்களுக்கு மட்டும் மாற்றாதீர்கள், இரண்டுக்குமே விடுமுறை.

ஓட்டலில் தரும் பதிமுக வெந்நீர் (பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்புத் தண்ணீர்) சூடாக இருந்தால் மட்டும் குடியுங்கள்; ஆற்றுவதற்குப் பச்சைத் தண்ணீர் கலந்திருக்கலாம். உப்புக் கஞ்சி, மட்டி வாழைப்பழம் போதும். பால் சாயா வேண்டாம்.

மலத்தில் ரத்தம், காய்ச்சல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, இதில் ஒன்று வந்தாலும் பயணத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள்.