மெதுவாக வரும் இலத்திரன் – கடிதம்

அன்புள்ள ரீச்சர்,

3 இலத்திரன்வோல்ற்று சக்தி மட்டுமே உள்ள இலத்திரன்கூட டீ.என்.ஏ.யை அறுக்கும் என்று கதிர்வீச்சுக் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அம்மாவுக்கு வெளியிலிருந்து கதிர் பாய்ச்சிய இயந்திரம் 6 மில்லியன் வோல்ற்று என்றார்கள். அதற்கு முன்னால் 3 எந்த மூலைக்கு? அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அப்படியா? இன்னொன்று. சிகிச்சை முடிந்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். உடம்பில் கதிர் இருக்கும், பிள்ளையை அம்மம்மாவோடு படுக்க விடாதே என்று அயலில் சொல்கிறார்கள். மகள் அழுகிறாள்.

க., உப்புவெளி

அன்புள்ள க.,

இது அம்மி நகர்கிற கதை இல்லை. இங்கே ஒரே ஓர் அடி போதும்.

அந்தப் பெரிய கதிர் போகிற வழியெல்லாம் மூலக்கூறுகளிலிருந்து இலத்திரன்களைத் தட்டிவிடுகிறது. இலத்திரன்வோல்ற்று என்பது சக்தியை அளக்கும் மிகச் சிறிய அலகு. உடலில் 1 மில்லியன் இலத்திரன்வோல்ற்று இறங்கினால் சுமார் 50,000 இலத்திரன்கள் கிளம்பும். பெரும்பாலானவற்றின் சக்தி 20 இலத்திரன்வோல்ற்றுக்குக் கீழே. இவற்றில் மிக மெதுவானவற்றை நெடுங்காலம் யாரும் பொருட்படுத்தவில்லை. இன்னோர் இலத்திரனைப் பிடுங்கவே வலுவில்லாதது என்ன செய்துவிடும் என்று இருந்துவிட்டார்கள்.

2000இல் கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் லெயோன் சான்ஷ் குழுவினர் அதைச் சோதித்தார்கள். வெற்றிடத்தில் வளைய வடிவ டீ.என்.ஏ.யை மெல்லிய படலமாக வைத்து, 3 முதல் 20 வரையான சக்தியில் இலத்திரன்களைப் பாய்ச்சினார்கள். அந்த வளையம் இரண்டு இழைகளால் ஆனது, முறுக்கேறியது. ஓர் இழை அறுந்தால் முறுக்குத் தளர்ந்து வெறும் வட்டமாகும். இரண்டும் அறுந்தால் நீண்ட நூலாகிவிடும். ஜெல் என்ற கூழ் போன்ற படலத்தில் ஓடவிட்டால் மூன்றும் வெவ்வேறு வேகத்தில் ஓடும், பிரித்து அளந்துவிடலாம். இந்த எளிமைக்காகவே எனக்கு இந்தப் பரிசோதனையை அவ்வளவு பிடிக்கும். மெதுவான இலத்திரன்களும் இழைகளை அறுத்திருந்தன. 2004இல், 1க்கும் குறைந்த சக்தியிலேயே ஓர் இழை அறுவதைக் கண்டார்கள்.

எப்படி? வலையில் மீன் படுவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணியை விடச் சின்னது நழுவிப் போகும், பெரியது முட்டித் திரும்பும், அளவானதுதான் செவுளில் மாட்டும். இலத்திரனும் குறித்த சில சக்திகளில் வந்தால்தான் டீ.என்.ஏ.யில் மாட்டும். மாட்டியது, முதுகெலும்பு போல இழையைத் தாங்கும் பகுதிக்கு நகர்ந்து, வெல்லத்தையும் பொஸ்பேற்றையும் இணைக்கும் காபன்–ஒட்சிசன் பிணைப்பை அறுக்கும். அதை அறுக்க 3க்கு மேல் வேண்டுமே, 1 எப்படிப் போதும்? பொஸ்பேற்றுக்கு இலத்திரன் மீது அவ்வளவு நாட்டம். அதைப் பற்றிக்கொள்ளும்போது வெளிவரும் சக்தி மிச்சத்தை ஈடுகட்டிவிடுகிறது.

சரி, அறுந்த பிறகு? திருக்கடலூர்க் கரையில் வலை பொத்துபவரைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒரு கையில் ஊசி, மறு கை விரல் பக்கத்துக் கண்ணியில். அதை அளந்து அளந்துதான் முடிச்சுப் போடுவார். ஓர் இழை மட்டும் அறுந்தால் கலமும் எதிர் இழையைப் பார்த்து அப்படித்தான் பொத்திவிடும். இரண்டும் அருகருகே அறுந்தால் பார்த்துப் பொத்த எதிர் இழையும் சரியாக இருக்காது, பொத்துவது மிகக் கடினம். 10 இலத்திரன்வோல்ற்றளவில் வரும் இலத்திரன் ஒன்றே அப்படி இரண்டையும் அறுக்க வல்லது. புற்றுநோய்க் கலத்தைக் கொல்லச் சிகிச்சை பெரிதும் நம்பியிருப்பது இந்த இரட்டை அறுப்பைத்தான்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சான்ஷ் குழு பார்த்தது உலர்ந்த டீ.என்.ஏ. உயிருள்ள கலம் தண்ணீரால் நிறைந்தது. அந்தத் தண்ணீர் உடைந்து வரும் ஐதரொட்சில் மூலிகங்களும் (அருகில் உள்ளதை உடனே தாக்கும் துண்டுகள்) பெரும் சேதம் செய்கின்றன. மொத்தச் சேதத்தில் மெதுவான இலத்திரனின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்னும் நடக்கிறது.

அப்புறம், மகள். இயந்திரத்தை நிறுத்தியதோடு கதிரும் நின்றுவிட்டது. தட்டிவிட்ட இலத்திரன்கள் கண் இமைப்பதற்குள் அடங்கிவிடும். வெளியிலிருந்து பாய்ச்சிய கதிர் அம்மாவின் உடம்பில் தங்காது, தொட்டவருக்கும் ஒட்டாது. பிள்ளை இன்றிரவே அம்மம்மாவோடு படுக்கட்டும். கதிர் பட்ட இடத்தில் தோல் எரிச்சலாக இருந்தால், மற்றப் பக்கமாகப் படுக்க வையுங்கள்.