மின்சாரம் நின்றபின் குளிரையும் மூச்சையும் காப்பது

வாசகியின் கேள்வி: புயலுக்குப் பின் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. ஃபிரிட்ஜில் அம்மாவின் இன்சுலின், குழந்தைக்குப் பால், இறைச்சி எல்லாம் இருந்தன. எதை வைத்துக்கொள்வது, எதைக் கொட்டுவது என்று தெரியாமல் தவித்தேன். அடுத்த முறை என்ன செய்ய வேண்டும்?

மின்சாரம் நின்றாலும், அதுவரை சேர்ந்த குளிர் ஃபிரிட்ஜுக்குள் இருக்கிறது. அதைக் காப்பதுதான் முதல் வேலை. கதவைத் திறக்காமல் விட்டால் ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் பாதுகாப்பான குளிரில் இருக்கும். ஃப்ரீசர் நிறைந்திருந்தால் 48 மணி நேரம், பாதி நிறைந்திருந்தால் 24 மணி நேரம் தாங்கும். ஆகவே புயல் எச்சரிக்கை வந்ததுமே புட்டிகளில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரின் காலி இடங்களில் அடுக்குங்கள். குளிர் நீடிக்கும், உருகியபின் குடிக்கவும் ஆகும்.

பால், இறைச்சி, சமைத்த உணவு ஆகியவை 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் 2 மணி நேரத்துக்கு அதிகமாக இருந்திருந்தால் கொட்டிவிடுங்கள். மனம் வராதுதான். ஆனால் முகர்ந்து பார்த்தும் ருசி பார்த்தும் முடிவு செய்யாதீர்கள். நோய் தரும் கிருமிகள் வாசனையை மாற்றாமலே பெருகக்கூடியவை.

இன்சுலினைப் பற்றி இத்தனை பதற வேண்டாம். பயன்பாட்டில் உள்ள பல வகை இன்சுலின்கள் 30 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ 28 நாள் கெடாமல் இருக்கும். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்பது அதனுடன் வரும் தாளில் இருக்கும். பயத்தில் அதை நேராகப் பனிக்கட்டி மேல் வைத்துவிடுவதுதான் பெரிய தவறு. ஒருமுறை உறைந்த இன்சுலின் பயன்படாது. துணியில் சுற்றி, பனிக்கட்டியைத் தொடாமல் வையுங்கள். ஈரமான மண்பானையும் உதவும், ஆனால் காற்று வறண்டிருந்தால்தான். புயலை ஒட்டிய ஈரக்காற்றில் நீர் எளிதில் ஆவியாகாது, குளிர்ச்சியும் குறைவு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உயிரைப் பறிப்பது அதுதான். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ பால்கனியிலோ ஓட்டாதீர்கள். கரி அடுப்பையும் அறைக்குள் மூட்டாதீர்கள். இரண்டும் வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று நம்பிப் படுத்தவர்கள் விழிக்காமலே போயிருக்கிறார்கள். ஜெனரேட்டர் கதவு, ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, திறந்தவெளியில் இருக்க வேண்டும். வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் காரணம் யோசித்து நிற்காமல் எல்லோரும் வெளியேறுங்கள். பிறகு மருத்துவ உதவிக்கு அழையுங்கள்.

வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்தியைவிட டார்ச் நல்லது. அதன் மேல் தண்ணீர்ப் புட்டியை வைத்தால் ஒளி அறை முழுவதும் பரவும். சிக்னல் கிடைக்காதபோது செல்போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜை இழக்கும். பயன்படுத்தாத நேரத்தில் விமானப் பயன்முறையில் வையுங்கள்.

மின்சாரம் நின்றதும் இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் போன்றவற்றின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஒரு விளக்கின் சுவிட்சை மட்டும் போட்டு வைத்தால் மின்சாரம் வந்தது தெரியும்.

வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேற நேரலாம் என்றால், ஒரு கிண்ணத் தண்ணீரை முன்கூட்டியே உறையவைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்து ஃப்ரீசரில் விட்டுச் செல்லுங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் உறைந்து கிடந்தால், நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். அந்த இறைச்சியைச் சமைக்காதீர்கள்.